தடிமன்தானே என்று எத்தனை நாள் விடலாம்?

(நம் அறக்கட்டளையின் சார்பில் மணப்பாட்டில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. மணப்பாடு, குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரத்திலிருந்து வர இயலாமல் போன குடும்பங்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



போன மாதத்தில் உங்கள் வீட்டில் யாருக்காவது தடிமன் பிடித்ததா என்று கேட்டால், இங்கே கை தூக்காதவர் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். பெரியவர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை தடிமன் பிடிப்பது சாதாரணம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு ஆறு, எட்டு தடவைகூட வரும். அத்தனையும் தானாகவே வந்து தானாகவே போய்விடும். அல்ஹம்துலில்லாஹ். அதனால்தான் "தடிமன்தானே" என்று சொல்கிறோம். அப்படிச் சொல்வது பெரும்பாலும் சரிதான். எப்போது அது சரியில்லாமல் போகிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும். ஒன்று, நாளை எண்ணுங்கள். இரண்டு, கண்ணைப் பாருங்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் விளக்கம்தான்.

மூக்கைச் சுற்றியுள்ள அறைகள்

நம் முகத்து எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. கன்னத்தில் ஒரு ஜோடி, நெற்றியில் ஒரு ஜோடி, இரு கண்களுக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகளாக ஒரு கூட்டம், அதற்கும் பின்னால் மண்டைக்குள் ஒரு ஜோடி. இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். "எனக்கு சைனஸ் இருக்கிறது" என்று பலர் நோயைப் போலச் சொல்வார்கள். சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. அதில் அழற்சி வந்தால்தான் நோய்.

இந்த அறைகளின் உட்சுவரில் எந்நேரமும் கொஞ்சம் சளி சுரக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் அதைத் துடைப்பம் போல மூக்குக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் மூக்குக்குள் திறக்கும் சிறு வாசல் உண்டு. கன்னத்து அறைக்கு அந்த வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தொட்டியின் தண்ணீரை மேல் விளிம்பு வழியாக வெளியேற்றுவதைப் போன்ற வேலை அது. தடிமன் பிடித்தால் மூக்கின் உட்சதை வீங்கி வாசல் அடைபடுகிறது, உள்ளே நீர் தேங்குகிறது. குனிந்தால் கன்னமும் நெற்றியும் கனப்பது, ருக்கூவிலும் சுஜூதிலும் தலை பாரமாக இருப்பது, மேல் கடைவாய்ப் பல் வலிப்பது எல்லாம் இதனால்தான். நம் பெரியவர்கள் இதையே நீர்க்கோவை என்றார்கள்.

நாளை எண்ணுங்கள்

சாதாரணத் தடிமன் வைரஸ் கிருமியால் வருவது. முதல் நாள் தொண்டை கரகரக்கும், தும்மல் வரும், மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சம்: மூக்கடைப்பு, தலைபாரம், உடல்வலி, வாசனை தெரியாமல் போவது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பத்து நாளுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் இருந்துவிட்டுப் போகும்.

இடையில் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். உடனே "சளி பழுத்துவிட்டது, ஆன்டிபயாட்டிக் வேண்டும்" என்று மருந்துக்கடைக்குப் போகிறோம். கிருமியோடு போராடிய வெள்ளணுக்களாலும் அந்த நிறம் வரும். வைரஸ் தடிமனிலும் சளி பச்சையாகும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நாளைப் பாருங்கள்.

தடிமன் பிடித்த பெரியவர்கள் 100 பேரில் இரண்டு பேருக்கும் குறைவாகத்தான் அது பாக்டீரியா தொற்றாக மாறுகிறது. மாறிவிட்டது என்று சந்தேகிக்க மூன்று அடையாளங்கள் உண்டு.

முதலாவது, பத்து நாள் கடந்தும் துளியும் குறையாமல் அப்படியே இருப்பது.

இரண்டாவது, ஐந்தாறு நாளில் சுகமாகி வந்தவருக்குத் திரும்பவும் காய்ச்சல், முகவலி, கெட்டியான சளி என்று மோசமாவது. இப்படி இறங்கி ஏறுவதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, தொடக்கத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும், சீழ் போன்ற சளியும், கடுமையான முகவலியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருப்பது.

இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாட்டிக் தேவையா, எது, எத்தனை நாள் என்பதை அவர் சொல்லட்டும். போன தடவை மிஞ்சிய நான்கு மாத்திரையைப் போட்டுக்கொள்வதும், பக்கத்து வீட்டு ராத்தாவுக்குச் சரியான மாத்திரையை நாம் வாங்குவதும் வேண்டாம். தேவையில்லாமல் போட்டுப் போட்டு, உண்மையாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகிறது.

நான்கு வாரத்துக்குள் முடிந்தால் அது திடீர் சைனஸ் அழற்சி. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது. அதற்கு ஒவ்வாமை, மூக்குத் தண்டு வளைவு, மூக்குச் சதை வளர்ச்சி என்று வேறு காரணங்கள் இருக்கும். ஆடிக் காற்றில் தேரி மணல் பறக்கும் நம் பக்கத்தில், தூசி ஒவ்வாமையால் தும்முகிறவர்களும் நிறைய. காய்ச்சல் இல்லாமல், மூக்கும் கண்ணும் அரித்து, தண்ணீராகவே ஒழுகினால் பெரும்பாலும் அது ஒவ்வாமை. அதற்கு வைத்தியம் வேறு.

வீட்டில் என்ன செய்யலாம்

ஓய்வு, வெதுவெதுப்பான நீராகாரம், காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால். இவை போதும். பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற அளவை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

ஆவி பிடித்தால் இதமாக இருக்கும், ஆனால் கிருமி சாகாது. நொச்சி இலை போட்டுக் கொதிக்கும் பானையைப் போர்வைக்குள் வைத்து, அது கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சிறு பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு தம்ளர், அதாவது கால் லிட்டர். அதில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. ஒரு நாசியில் மெதுவாக விட்டு மறு நாசியால் வெளியே விடுங்கள். மிஞ்சியதைக் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகத் தயார் செய்யுங்கள்.

மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகள் கடையில் கிடைக்கும். மூன்று நாளுக்கு மேல் அவற்றை விடாதீர்கள். அதற்கு மேல் விட்டால், மருந்து நிற்கும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும். மாதக்கணக்கில் அந்தச் சொட்டு மருந்தை விடமுடியாமல் தவிக்கிறவர்கள் உண்டு.

சுக்குக் காப்பி குடியுங்கள். சுகர் உள்ளவர்கள் மட்டும் ஒன்றை மனதில் கொள்ளுங்கள்: உடன்குடிக் கருப்பட்டி என்றாலும் உடம்புக்குள் போனால் அது சர்க்கரைதான்.

உளூவும் மூக்கும்

நாளுக்கு ஐந்து வேளை மூக்குக்குத் தண்ணீர் செலுத்திச் சுத்தம் செய்கிறவர்கள் நாம். தூசியும் காய்ந்த சளியும் போக அது நல்ல வழக்கம். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தேங்கிய, சூடான நன்னீரில் வாழும் ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைப் பறிக்கக்கூடியது. கேரளாவில் 2024லும் 2025லும் அமீபா மூளைத் தொற்று பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். பாகிஸ்தானின் கராச்சியில், குளோரின் சரியாகக் கலக்காத தண்ணீர் மூக்கில் ஏறியதால் இறப்புகள் நடந்திருக்கின்றன. இது மிக மிக அரிதான நோய். பயந்து எதையும் விட வேண்டாம். பள்ளிவாசல் ஹவுளையும் வீட்டுத் தொட்டியையும் முறையாகக் கழுவி, குளோரின் கலந்து, மூடி வைத்தால் போதும். பாசி பிடித்த குளத்துத் தண்ணீரை மூக்கில் உறிஞ்சாதீர்கள்.

தடிமனோடு முங்காதீர்கள், பறக்காதீர்கள்

இந்தக் கடற்கரையில் முத்துக்குளித்த காலம் போய்விட்டது. சங்குகுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகும். சைனஸ் வாசல் திறந்திருந்தால் உள்ளேயும் அழுத்தம் சமமாகும். தடிமனால் அடைத்திருந்தால் ஆகாது. நெற்றியில் ஊசி குத்துவது போல வலிக்கும், மேலே வரும்போது மூக்கில் ரத்தம் வரும். காதுச் சவ்வும் கிழியலாம். தடிமன் இருக்கிற நாளில் முங்காமல் இருப்பதே நல்லது.

துபாய்க்கும் சவுதிக்கும் விமானம் ஏறுகிற நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். விமானம் இறங்கும்போது கன்னமும் காதும் தெறிக்கும். கடுமையாக அடைத்திருந்தால் பயணத்துக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணைப் பாருங்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கண்ணுக்கும் அதன் பக்கத்து சைனஸ் அறைகளுக்கும் நடுவே உள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது. தொற்று அதைத் தாண்டினால் கண்குழிக்குள் போகும். மேலே தாண்டினால் மூளையின் உறைக்குப் போகும். பிள்ளைகளுக்குக் கண் பக்கம் பரவுவது பெரியவர்களைவிட அதிகம். காலையில் இமை வீங்கியிருக்கும். மாலைக்குள் கண் சிவந்து, திறக்க முடியாமல், வெளியே தள்ளிக்கொண்டு வரலாம். இதற்கு நாளை எண்ணக் கூடாது, மணி நேரத்தை எண்ண வேண்டும்.

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்:

கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது சிவப்பு, இமை தொங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது.

நெற்றியில் வீக்கம், தாங்க முடியாத தலைவலி, தொடர் வாந்தி, கழுத்தைக் குனிய முடியாமல் விறைப்பு, குழம்பிப் பேசுவது, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, வலிப்பு.

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வலி, மரத்துப் போவது. மூக்கிலிருந்து கருப்பாகவோ ரத்தம் கலந்தோ வருவது. மேல் அண்ணத்தில் கருப்புத் திட்டு. காரணமில்லாமல் மேல்பற்கள் ஆடுவது.

கைக்குழந்தை என்றால், பால் குடிக்க முடியாமல் திணறுவதும், மூச்சு வாங்கி நெஞ்சு உள்ளே இழுப்பதும்.

2021 சொல்லித் தந்த பாடம்

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் என்று சொன்னேனே, அது 2021ஆம் ஆண்டு நம் நாடு கண்ணீரோடு படித்த பாடம். கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்தது. மியூகோர்மைகோசிஸ் என்பது அதன் பெயர். அந்த ஆண்டு மே மாதம், இந்நோய் கண்டால் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. ஜூலை மாதத்துக்குள் இந்தியாவில் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 4,000 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். ஆம்போடெரிசின் பி என்ற மருந்துக்காக ஊர் ஊராகக் குடும்பங்கள் அலைந்தன.

அந்தப் பூஞ்சை புதிதாக வந்ததல்ல. மண்ணிலும் மக்கிய குப்பையிலும் அது எப்போதும் உண்டு. நாம் எல்லோரும் அதன் விதைத்தூளைச் சுவாசிக்கிறோம். நலமான உடம்பு அதை விடுவதில்லை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, அதற்கு மேல் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்து, எதிர்ப்புச் சக்தி விழுந்த உடம்பில் அது மூக்கிலும் சைனஸிலும் வேர் பிடிக்கிறது. ரத்தக் குழாய்களை அடைக்கிறது. ரத்தம் போகாத சதை செத்துக் கருப்பாகிறது. அதனால்தான் அந்தப் பெயர். சைனஸிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து மூளைக்கும் சில நாட்களில் போய்விடும். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள்.

அந்த நாட்களில் நான் பார்த்த ஓர் உம்மாவை மறக்க முடியவில்லை. கொரோனா குணமாகி வீட்டுக்கு வந்து பத்து நாள். வலது பக்கப் பல் வலி என்று ஆரம்பித்திருக்கிறது. பிறகு கன்னம் மரத்தது. ஊரடங்கு நேரம், வண்டி கிடைக்காது, பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டாம் என்று கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு, நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் ஃபஜ்ருக்கு எழுந்தபோது வலது கண் திறக்கவில்லை. மகன் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போது சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினோம், அல்ஹம்துலில்லாஹ். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. "டாக்டரே, பல்வலிக்கு யாராவது ஆஸ்பத்திரிக்கு வருவாங்களா?" என்று அவர் என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். சுகர் உள்ளவருக்கு ஒரு பக்கப் பல்வலியும் கன்னம் மரப்பதும் சேர்ந்து வந்தால், ஆம் உம்மா, அதற்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

கொரோனா அலை ஓய்ந்தாலும் இந்த நோய் போய்விடவில்லை. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு இன்றும் அங்கொன்று இங்கொன்றாக வருகிறது. நம் குடும்பங்களில் சுகர் இல்லாத வீடு குறைவு. வாப்பாவின் சுகரைப் பார்க்கிறோம், உம்மாவின் சுகரைப் பார்ப்பதில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. பதிவு செய்யாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். மருந்துக்கடையில் தடிமனுக்கென்று கலந்து தரும் பொட்டலத்தில் என்ன மாத்திரை இருக்கிறது என்று கேளுங்கள். மருத்துவர் வேறு நோய்க்காக ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு. அதில் அளவு மிகக் குறைவு, மருத்துவர் சொன்னபடி பயன்படுத்தலாம்.

அபாய அறிகுறி இருந்தால் காது மூக்கு தொண்டைப் பிரிவும் கண் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனைதான் தேவை. நமக்கு அருகில் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. 108ஐ அழையுங்கள். "விடியட்டும், பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

*நோன்பு நேரத்தில் மூக்குக்கு மருந்து விடலாமா?*

மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் மூக்கு வழியாக உள்ளே போவது பற்றித் தெளிவான சட்டம் இருக்கிறது. மருத்துவராக நான் சொல்வது: பெரும்பாலான மூக்கு மருந்துகளை சஹர் முடிவதற்கு முன்பும் நோன்பு திறந்த பிறகும் என்று மாற்றி அமைக்கலாம், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு சர்க்கரையும் ஏறியிருந்தால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொண்டு பின்னால் களா செய்யுங்கள்.

*மூன்று வயதுப் பேரனுக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வருகிறது. சைனஸா?*

சிறு பிள்ளைக்கு ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றச் சளி வந்தால், முதலில் உள்ளே ஏதோ போட்டிருக்கிறான் என்றே நினைக்க வேண்டும். புளியங்கொட்டை, பாசிமணி, பஞ்சு எல்லாம் எடுத்திருக்கிறேன். வீட்டில் குச்சியோ ஊக்கோ விட்டு எடுக்க முயலாதீர்கள், இன்னும் உள்ளே போகும். பொம்மையில் இருக்கும் வட்ட பேட்டரி போயிருக்கலாம் என்று தோன்றினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். அது உள்ளே சதையை அரித்து ஓட்டை போட்டுவிடும்.

*வெங்காயத்தின் மேல் இருக்கும் கருப்புப் பொடியால் கருப்புப் பூஞ்சை வருமா? நோயாளியைத் தொட்டால் ஒட்டுமா?*

இரண்டும் இல்லை. வெங்காயத்தில் இருப்பது வேறு பூஞ்சை, கழுவிவிட்டுச் சமையுங்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது ஒட்டாது. இந்த நோய் வந்தவரைத் தனியே ஒதுக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து கவனியுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் வீட்டுப் பெண்கள் தங்கள் வலியைக் கடைசியாகத்தான் சொல்வார்கள். எல்லோருக்கும் சோறு போட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் "கன்னம் என்னமோ மாதிரி இருக்கு" என்று ஒரு வார்த்தை வரும். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் உம்மாவிடம், மனைவியிடம், சகோதரியிடம் ஒரு தடவை கேளுங்கள். சுகர் கடைசியாக எப்போது பார்த்தது என்றும் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் பூரண சுகத்தையும் ஆஃபியத்தையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.